பண்டிகை மாதத்தில் ஜெருசலேம் தெருக்கள்

கேள்வி இது: “செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஆராய்ச்சி வேலையாக ஜெருசலேமில் தங்கப் போகிறேன். அது யூதர்களின் பண்டிகைக் காலம், ஊரே மூடிக் கிடக்கும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். தெருவில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? கடை, பஸ், சாப்பாடு எல்லாம் என்ன ஆகும்? வெளியாள் ஒருவர் பார்க்க ஏதாவது இருக்குமா?”

பயப்பட வேண்டாம். யூதக் கடைகளும் பஸ்ஸும் முழுதாக நிற்கும் பண்டிகை நாட்கள் ஐந்துதான்: புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு இரண்டு நாள், நோன்பு நாளான யோம் கிப்பூருக்கு ஒரு நாள், கூடாரப் பண்டிகையான சுக்கோத்தின் முதல் நாள், கடைசியில் வரும் சிம்ஹத் தோரா. அதோடு வாராவாரம் வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை ஓய்வுநாள். மற்ற நாட்களில் ஊர் மூடுவதற்குப் பதிலாகத் தெருவுக்கு வந்துவிடும். பார்க்க ஏதாவது இருக்குமா என்றால், வருடத்தில் வேறு எந்த மாதமும் இதற்கு ஈடில்லை என்பேன். ஜெருசலேமில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. யூத நாட்காட்டி நிலாவைப் பார்த்து ஓடுவது. ரோஷ் ஹஷானா அமாவாசையை ஒட்டி வரும், பத்தாம் நாள் யோம் கிப்பூர், பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் சுக்கோத். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுபோல அங்கேயும் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடும். அதனால்தான் இந்தப் பண்டிகைகள் பெரும்பாலும் நவராத்திரியோடு சேர்ந்தே வருகின்றன. 2024இல் ரோஷ் ஹஷானாவும் நவராத்திரியின் முதல் நாளும் ஒன்றே, அக்டோபர் 3. கூடும் மாதம் முன்பின்னாக விழும் ஆண்டில் ஒரு மாதம் விலகிவிடும். 2026இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13 தேதிகளில். யோம் கிப்பூர் செப்டம்பர் 21. சுக்கோத்தின் முதல் நாள் செப்டம்பர் 26. சிம்ஹத் தோரா அக்டோபர் 3. இவற்றில் மூன்று சனிக்கிழமையிலேயே விழுகின்றன. எப்படியும் மூடியிருக்கும் நாட்கள் அவை. ஆக அந்த ஆண்டு கூடுதலாக நீங்கள் இழப்பது இரண்டே நாள்.

தேதியைவிட முக்கியமானது சூரிய அஸ்தமனம். நாள் அங்கே முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடும். செப்டம்பர் 21 நோன்பு என்று நாட்காட்டி சொன்னால், 20ஆம் தேதி மதியமே கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஜெருசலேமில் பெண்கள் விளக்கேற்றும் நேரம் அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்பு. மற்ற ஊர்களைவிட இது சீக்கிரம். அதை அறிவிக்க ஊர் முழுக்கச் சங்கு ஊதும். முதல் தடவை கேட்பவர்கள் போர்ச் சங்கோ என்று நடுங்கிவிடுவார்கள். போர்ச் சங்கு ஏறி இறங்கும். இது ஒரே சீராக ஊதி நிற்கும். பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செப்டம்பர் முதல் வாரமே போய்ச் சேர்வது நல்லது, ஏனென்றால் பருவம் ரோஷ் ஹஷானாவில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய மாதம் எலுல். அந்த மாதம் முழுக்க, ஓய்வுநாள் தவிர, காலைத் தொழுகை முடிந்ததும் ஐரோப்பிய வழி யூதர்களின் ஜெபக்கூடங்களில் ஷோஃபர் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து அந்தக் கரகரப்பான ஓசை கேட்கும். கீழை நாட்டு யூதர்கள், அதாவது ஈராக், சிரியா, மொராக்கோ, யேமன், குர்திஸ்தான் வழி வந்தவர்கள், எலுல் முழுக்க விடியலுக்கு முன்பே எழுந்து செலிஹோத் என்ற மன்னிப்புப் பாடல்களைப் பாடுவார்கள். நஹ்லாவோத் என்ற பழைய குடியிருப்புக்கு அந்த வேளையில் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் ஒதுங்கி நடந்தால் தோள் உரசும் சந்துகள், சந்துக்குச் சந்து ஒரு சிறிய ஜெபக்கூடம். அலெப்போ யூதர்கள் 1901இல் கட்டிய ஆதேஸ் ஜெபக்கூடம் அங்கேதான் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள், பட்டாளத்துப் பையன்கள், குடும்பங்கள், மதப்பற்றே இல்லாதவர்கள்கூட வழிகாட்டியோடு இந்தச் சந்துகளைச் சுற்றி, வாசலில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு, கடைசியில், யூதர்களின் பழங்காலக் கோயில் வளாகத்தில் மிஞ்சி நிற்கும் மேற்குச் சுவருக்குப் போவார்கள். யோம் கிப்பூருக்கு முந்தைய சில இரவுகளில் அந்தச் சுவரின் முற்றத்தில் நிற்க இடம் கிடைக்காது. இந்தப் பருவத்தின் இரவு வாழ்க்கை இதுதான். உறக்கம் கெட்டாலும் ஒரு தடவை போகத்தான் வேண்டும்.

பகலில் பார்க்க வேண்டிய இடம் மஹனே யெஹுதா சந்தை. யாஃபா சாலைக்கும் அக்ரிப்பாஸ் தெருவுக்கும் நடுவே கிடக்கிறது. யாஃபா சாலையில் 2011 முதல் டிராம் ஓடுகிறது, சந்தை வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய வாரம் அங்கே மாதுளை மலைபோல் குவிந்திருக்கும். காம்போடு தொங்கும் மஞ்சள் நிறப் பச்சைப் பேரீச்சை, ஜாடி ஜாடியாகத் தேன், ஆப்பிள், வட்டமாகச் சுற்றிச் செய்த ஹல்லா ரொட்டி எல்லாம் வரும். மற்ற வாரங்களில் ஹல்லா நீளப் பின்னலாக இருக்கும், புத்தாண்டுக்கு மட்டும் வட்டம். மீன் கடையில் தலையைத் தனியாகக் கேட்டு வாங்கிப் போவார்கள், வருடம் முழுக்க வாலாக இல்லாமல் தலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதை உலகம் முழுக்கத் தெரியும். கீழை நாட்டு யூதர்களின் தட்டு அதைவிடச் சுவாரசியமானது. சுரைக்காய், காராமணி, லீக் என்ற பூண்டு வகைக் கீரை, பீட்ரூட் கீரை, பேரீச்சை என்று வரிசையாக ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கான வேண்டுதலைச் சொல்லித்தான் வாயில் போடுவார்கள். இந்த ஐந்தின் பட்டியலும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான தால்மூதிலேயே இருக்கிறது. சுரைக்காயும் காராமணியும் நம் சமையலறைப் பொருள் என்பதால், அந்த வாரம் சந்தையில் என்ன விலை, எங்கே நல்லது என்று நீங்களே விசாரிக்கலாம். கடைக்காரர்கள் பேச்சுக் கொடுத்தால் விடமாட்டார்கள்.

இரண்டாம் இரவுக்கு, அந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாத பழம் ஒன்று வேண்டும். அதனால் டிராகன் பழம் முதல் லிச்சி வரை வழக்கமாகக் காணாததெல்லாம் திடீரென்று முன்வரிசைக்கு வந்துவிடும். பண்டிகைக்கு முந்தைய நாள் காலையில் போனால் நெரிசலில் தள்ளுமுள்ளுதான். மதியம் கடை கட்டும் நேரத்தில் விலை சரசரவென்று இறங்கும், கத்தல் கூடும். சாதாரண வெள்ளிக்கிழமைகளிலேயே கறுப்புத் தொப்பிக்காரர்கள் சிலர் ஊதுகுழலோடு சந்தைக்குள் வந்து “நேரமாச்சு, மூடுங்கள்” என்று ஊதிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். எல்லாரும் போன பிறகு, மிச்சம் கிடக்கும் காய்களைப் பொறுக்க வரும் முதியவர்களையும் பார்ப்பீர்கள். ஜெருசலேம் வறியவர்கள் அதிகமுள்ள ஊர். பண்டிகைப் பொலிவை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த வாரங்களில் தெருமுனைக்குத் தெருமுனை தர்ம உண்டியல் மேசைகள் போடுவதற்கும் உணவுப் பெட்டிகள் கட்டுவதற்கும் காரணம் அதுதான்.

அலுவலகங்களில் ரோஷ் ஹஷானாவுக்குப் பரிசு கொடுப்பது நம்மூர் தீபாவளி வழக்கத்தைப் போலவே. தேன், ஒயின் பெட்டி அல்லது கடைச் சீட்டு. அதற்கப்புறம் எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் “பண்டிகை முடியட்டும்” என்ற பதில் வரும். வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு, வீட்டு ஒப்பந்தம் போன்றவற்றைப் போன முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் ஆராய்ச்சிக்கு நூலகமோ ஆவணக்காப்பகமோ தேவை என்றால், சுக்கோத் வாரத்தில் அவற்றை நம்பாதீர்கள்.

ரோஷ் ஹஷானா நாட்களில் தெரு அமைதியாக இருக்கும். ஆனால் ஆளில்லாமல் இருக்காது. குடும்பம் குடும்பமாக வெள்ளைச் சட்டையில் நடந்து போவார்கள். முதல் நாள் ஓய்வுநாளில் விழுந்தால் ஷோஃபர் ஊதமாட்டார்கள், எனவே 2026இல் நீங்கள் அதைக் கேட்கப்போவது 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று மாலை தஷ்லிக் என்று ஒரு சடங்கு உண்டு. ஓடும் நீரருகே நின்று பாவங்களை நீரில் எறிவதாகச் சொல்லிப் பையை உதறுவார்கள். ஜெருசலேமோ ஆறு இல்லாத மலையூர். அதனால் பழைய கிணறு, மழைநீர்த் தொட்டி, பூங்காவின் மீன் குளம் என்று கிடைத்த நீரைச் சுற்றி ஜனங்கள் கூடி நிற்பார்கள்.

அதற்கும் யோம் கிப்பூருக்கும் நடுவிலுள்ள நாட்களில், 1874இல் உருவான மெயா ஷெயாரிம் பகுதியிலும் சந்தையை ஒட்டியும் கோழிக் கூண்டுகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். கப்பாரோத் என்ற வழக்கம். உயிருள்ள கோழியைத் தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி, பிறகு அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். விலங்குநல ஆர்வலர்கள் பக்கத்திலேயே நின்று எதிர்ப்புக் காட்டுவார்கள். மதத்துக்குள்ளேயே இதற்கு மாற்றுக் கருத்து பல நூற்றாண்டுகளாக இருக்கிறது, இப்போது பெரும்பாலோர் காசை முடிந்து சுற்றிவிட்டுத் தர்மம் செய்கிறார்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் கூண்டில் கிடக்கும் கோழிகளைப் பார்த்தபின் எனக்கும் காசுதான் சரி என்று தோன்றுகிறது. மெயா ஷெயாரிமுக்குப் போகும்போது முழுக்கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை முக்கியம். தெரு முகப்பிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். மக்கள் வாழும் தெரு அது, முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். பண்டிகை நாளில் எங்கேயுமே படமெடுப்பதைத் தவிருங்கள்.

யோம் கிப்பூரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் போன்ற நாள் உலகில் அபூர்வம். முந்தைய மாலை முதல் மறுநாள் இருட்டும் வரை 25 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லை. விமான நிலையம் மூடிவிடும். தொலைக்காட்சி, வானொலி நிலையங்கள் நிறுத்திவிடும். பஸ், டிராம், டாக்சி எதுவும் கிடையாது. வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமும் கிடையாது, ஆனாலும் யாரும் ஓட்டுவதில்லை. மதத்தில் துளி நம்பிக்கை இல்லாதவர்கூட அன்று சாவியை எடுப்பதில்லை. ஆம்புலன்ஸும் காவல் வண்டியும் மட்டும் எப்போதாவது போகும். காற்றில் வாகனப் புகை எவ்வளவு குறைகிறது என்பதை அளவுக் கருவிகளே ஒவ்வோர் ஆண்டும் காட்டுகின்றன.

மாலைத் தொழுகை முடிந்ததும் ஜனங்கள் வெளியே வருவார்கள். எமெக் ரெஃபாயிம் தெருவுக்குப் போங்கள். மற்ற நாளில் காரும் பஸ்ஸும் உறுமும் தெருவின் நடுக்கோட்டில் வெள்ளுடையில் நூற்றுக்கணக்கானோர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தோல் செருப்பு அணியக் கூடாது என்பதால் நல்ல சட்டைக்குக் கீழே ரப்பர் செருப்பும் கான்வாஸ் ஷூவும் போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இது சைக்கிள் திருவிழா. அதற்கு முந்தைய வாரங்களில் சைக்கிள் கடைகளில் கூட்டம் அலைமோதும். வருடத்தில் ஒரே ஒரு நாள் சாலை முழுக்க அவர்களுடையது. பெரிய சந்திப்புகளில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் யாருக்கென்றே தெரியாமல் மாறிக்கொண்டிருக்கும், கீழே மூன்று சக்கர வண்டியில் ஒரு குழந்தை வட்டமடிக்கும். சக்கர நாற்காலியில் முதியவர்களை ஜெபக்கூடத்துக்குத் தள்ளிப் போகிறவர்களையும் கவனியுங்கள். அவர்களில் கேரளம், ஆந்திரம், இலங்கையிலிருந்து வந்த பராமரிப்பாளர்கள் நிறையப் பேர். நின்று பேசினால் சந்தோஷப்படுவார்கள், இந்தப் பருவத்தின் உள்விவரம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

1973 அக்டோபர் 6 இதே நோன்பு நாள். பிற்பகல் இரண்டு மணிவாக்கில் எகிப்தும் சிரியாவும் தாக்கின, அமைதியான தெருவில் போர்ச் சங்கு ஊதியது. வானொலி அணைந்திருந்த நாள் அது. அதேசமயம் ஆட்கள் வீட்டிலோ ஜெபக்கூடத்திலோ இருந்தார்கள், சாலைகளும் காலியாக இருந்தன, அதனால் படை திரட்டுவது சுலபமாயிற்று என்றும் சொல்வார்கள். இன்றும் அந்தத் தலைமுறை ஆட்கள் யோம் கிப்பூர் பிற்பகலில் இதைப் பேசாமல் இருக்கமாட்டார்கள்.

நோன்பு ஷோஃபரின் ஒரு நீண்ட ஓசையோடு முடியும். முடிந்தால் அந்த நேரத்தில் மேற்குச் சுவரருகே இருங்கள். 1929 கலவரத்துக்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சி அங்கே ஷோஃபர் ஊதுவதைத் தடை செய்திருந்தது. 1930 முதல் 1947 வரை ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் கொம்பை ஆடைக்குள் மறைத்துக் கொண்டுபோய், நோன்பு முடியும் நொடியில் ஊதினார்கள், கைதானார்கள். 1948 முதல் 1967 வரை பழைய நகரம் ஜோர்டானின் கையில் இருந்ததால் யூதர்கள் அந்தச் சுவரை நெருங்கவே முடியவில்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் நடுவே அந்த ஓசையைக் கேட்கும்போது இதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது.

நீங்கள் கேட்ட சாப்பாட்டுப் பிரச்சினைக்கும் இங்கேயே பதில். ஜெருசலேம் ஒரே ஊர் இல்லை. மக்கள்தொகையில் ஏறக்குறைய 40 சதவீதம் பாலஸ்தீனர்கள். டமாஸ்கஸ் வாயிலில், சலாஹுத்தீன் தெருவில், பழைய நகரத்தின் முஸ்லிம் பகுதியில் யூதப் பண்டிகை நாளும் சாதாரண நாளே. எள் தூவிய வளைய ரொட்டி, ஃபலாஃபல், ஹம்முஸ், பழச்சாறு எல்லாம் கிடைக்கும், சைவம் சாப்பிடுகிறவருக்கு இவை போதும். ஓய்வுநாளில் பஸ் வேண்டுமானாலும் கிழக்குப் பகுதியின் அரபு பஸ்கள் ஓடும். யோம் கிப்பூர் அன்று மட்டும் இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள சாலைகள் பலவற்றில் காவல்துறை தடுப்பு போட்டுவிடும், நடந்துதான் போக வேண்டும். பண்டிகை நாட்களில் மேற்குக் கரையிலிருந்து வரும் சோதனைச் சாவடிகளையும் மூடுவது வழக்கம். ஒரு பக்கம் ஆனந்தமாக மூடிய கடை, மறுபக்கம் வேலைக்கு வர முடியாமல் கூலி இழந்த ஆள். அந்த ஊரில் தெரு வாழ்க்கையைப் பற்றி எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும். மற்றபடி மேற்குப் பகுதியில் பால் உணவகம் என்று தனியாக உண்டு. யூத உணவு விதிப்படி அங்கே இறைச்சி கிடையாது, மீன் இருக்கலாம். சைவர்கள் அதை நம்பிப் போகலாம்.

சரி, சுக்கோத்துக்கு வருவோம். யோம் கிப்பூர் முடிந்து வயிற்றுக்கு ஏதாவது போட்ட கையோடு சுத்தியலை எடுத்துவிடுவார்கள். அன்று இரவே ஊர் முழுக்கத் தட்டும் சத்தம் கேட்கும். அடுத்த நான்கு நாளில் மாடி முன்றில், முற்றம், நடைபாதை, உணவக வாசல் எங்கும் சுக்கா முளைத்துவிடும். மரச் சட்டமோ இரும்புக் குழாயோ நட்டு, துணி கட்டி, மேலே ஓலையும் கிளையும் பரப்பிய பந்தல். லேவியராகமம் 23ஆம் அதிகாரம் படித்தவர்களுக்குக் கதை தெரியும், எகிப்திலிருந்து வந்தபோது வனாந்தரத்தில் கூடாரங்களில் வாழ்ந்த நினைவு. ஏழு நாள் அதில்தான் சாப்பாடு, பலருக்குத் தூக்கமும் அதில்தான். விதி கறாரானது. கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும், வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், மேலே திறந்த வானம் வேண்டும். மேல் வீட்டு முன்றில் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சுக்கா செல்லாது. ஹர் நோஃப் போன்ற பக்தர் குடியிருப்புகளில் முன்றில்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் படிபோல் விலக்கிக் கட்டியிருப்பது இதற்காகத்தான். ஒரு வாரப் பந்தலுக்காகக் கட்டடத்தின் வடிவமே மாறியிருக்கிறது. அலங்காரத்துக்குக் காகிதச் சங்கிலி, நெகிழி மாதுளை, வண்ண விளக்கு. கிறிஸ்துமஸுக்கென்று செய்த மினுமினுப்புச் சரங்களும் ரபிகள் என்னும் யூத மதகுருக்களின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்.

இதே நான்கு நாளில், சுக்கோத் தொழுகையில் கையில் ஏந்தும் நான்கு தாவர இனங்களின் சந்தை நடக்கும். விரியாத பேரீச்ச ஓலைக் குருத்து, மிர்ட்டில் தழை, ஆற்றலரிக் கிளை, அப்புறம் எத்ரோக். எத்ரோக் நம் நார்த்தங்காயின் உறவு, கையில் எடுத்தால் மணம் அப்படியே தூக்கும். தெருவில் மேசை போட்டு ஆயிரக்கணக்கில் அடுக்கியிருப்பார்கள். தாடிக்காரப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு ஒரே காயை நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புள்ளி இருக்கக் கூடாது, நுனி உடைந்திருக்கக் கூடாது, வடிவம் ஒழுங்காக இருக்க வேண்டும். சாதாரணக் காய் சில பத்து ஷெக்கலுக்குக் கிடைக்கும், குறையே இல்லாத காய் பல நூறு ஷெக்கலுக்குப் போகும். பையன்கள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசை மேசையாக அலைவார்கள். எனக்கு இந்தப் பருவத்தில் மிகப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் இந்தச் சந்தையைத்தான் சொல்வேன். பணக்காரர், ஏழை, கறுப்புக் கோட்டு, ஜீன்ஸ் என்று எல்லாரும் ஒரு காயின் தோலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? பண்டிகை முடிந்ததும் அந்த எத்ரோக்குகள் ஜாம் ஆகிவிடும்.

முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே பாதிப் பண்டிகை நாட்கள். கடையும் பஸ்ஸும் ஓடும், ஆனால் பள்ளிகள் விடுமுறை, நாடே ஊர் சுற்றும். ஜெருசலேமில் விடுதி வாடகை உச்சத்தில் இருக்கும், யாஃபா சாலையில் நடப்பதே கஷ்டம். மேற்குச் சுவரில் நடக்கும் குருமார் ஆசீர்வாதத்துக்குப் பல்லாயிரம் பேர் வருவார்கள். குரு வம்சத்து ஆண்கள் நூற்றுக்கணக்கானோர் தொழுகைச் சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஒரே குரலில் ஆசி சொல்வார்கள். இவ்வளவு பெரிய கூட்டமாக இது நடப்பது 1970களிலிருந்துதான். அதே வாரம் ஜெருசலேம் ஊர்வலம். 1980 முதல் கூடாரப் பண்டிகைக்கென்றே உலகெங்கிலுமிருந்து கிறிஸ்தவர்கள் வருகிறார்கள், தத்தம் நாட்டுக் கொடியோடும் உடையோடும் தெருவில் நடப்பார்கள், இருபுறமும் நின்று ஜெருசலேம்காரர்கள் கைகொடுப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கிறிஸ்தவர்கள் குழுக்களாக ஜெருசலேமுக்கு வந்துபோகிறார்கள். 2011இல் அறிவித்த திட்டப்படி தமிழக அரசே அந்தப் புனிதப் பயணத்துக்கு நிதியுதவி செய்கிறது. கூட்டத்தில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கூட்டம் அலுத்துவிட்டால் இஸ்ரேல் அருங்காட்சியகம் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனியின் ஃபிஷாக் கிராமத்து யூதக் குடும்பம் ஒன்று பயன்படுத்திய சுக்கா அங்கே இருக்கிறது. மரப் பலகைகள் முழுக்க ஓவியம், ஒரு பக்கம் அந்தக் கிராமம், ஒரு பக்கம் அவர்கள் கண்ணால் கண்டிராத ஜெருசலேம். நாஜிகள் காலத்தில் அதை மறைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கொச்சியின் கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உட்புறமும் முழுசாக அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செதுக்கிய மரக் கூரையைப் பார்த்தவுடனே கேரளத்துத் தச்சர் கை என்று தெரியும்.

கடைசி நாள் சிம்ஹத் தோரா. யூத வேதமான தோராவின் சுருளைக் கையில் ஏந்தி ஏழு சுற்று ஆடுவார்கள். அது முடிந்த இரவு, வாத்தியத்தோடு தெருவிலும் பூங்காவிலும் இன்னொரு முறை ஆட்டம். 2023 அக்டோபர் 7 சனிக்கிழமை, தெற்கு இஸ்ரேலில் ஹமாஸ் தாக்குதல் நடந்தது இதே சிம்ஹத் தோரா காலையில். அன்று முதல் இந்த நாளில் துக்கமும் கலந்துவிட்டது. ஆடலாமா, எப்படி ஆடுவது என்று ஒவ்வொரு ஜெபக்கூடமும் தனக்குள் பேசி முடிவெடுத்தது. சில சுற்றுகளை மௌனமாகச் சுற்றும் இடங்களும் உண்டு. அன்றைக்குத் தெருவில் யாரிடமாவது பேச நேர்ந்தால் வாழ்த்தை மெதுவாகச் சொல்லுங்கள், அவர்கள் யாரை இழந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அதே நாள்தான் மழைக்கான வேண்டுதலும் தொடங்கும். கோடை முழுக்க அந்த ஊரில் மழை கிடையாது. தமிழ் விவிலியம் முன்மாரி என்று சொல்கிற முதல் மழையை இனித்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆனால் அன்று மழையின் பெருமையைச் சொல்லித் துதிப்பதோடு சரி. “மழை தா” என்று நேராகக் கேட்பது இன்னும் பதினைந்து நாள் கழித்து. ஜெருசலேமில் யூதக் கோயில் இருந்த காலத்தில் பாபிலோனிலிருந்து பண்டிகைக்கு வந்த கடைசி யாத்திரிகன் யூப்ரடீஸ் ஆற்றை அடையும் வரை நனையாமல் போகட்டும் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்ட நூல் வைத்த தவணை அது. கோயில் போய் 1,900 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தவணையை இன்றுவரை கடைப்பிடிக்கிறார்கள்.

இன்னும் சில நடைமுறைக் குறிப்புகள். பண்டிகைக்கு முந்தைய நாள் காலை பதினோரு மணிக்குள் சாமான் வாங்கி முடித்துவிடுங்கள். யாராவது வீட்டுச் சாப்பாட்டுக்கோ சுக்காவுக்கோ கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், விருந்தாளி வருவது அந்த வாரம் அவர்களுக்குப் புண்ணியம். கையில் ஏதாவது கொண்டுபோக நினைத்தால் கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டது என்ற முத்திரை உள்ள, பிரிக்காத இனிப்புப் பெட்டி போதும், அதையும் அஸ்தமனத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் விளக்கு ஸ்விட்சைத் தொடாதீர்கள், செல்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். யோம் கிப்பூர் அன்று உங்கள் அறையில் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், தெருவில் வேண்டாம். வாடகைக் கார் எடுத்தால் ஓய்வுநாளில் பக்தர் குடியிருப்புகளுக்குள் ஓட்டாதீர்கள், கல் வரும்.

ஆறு வாரத்தில் ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு எடுக்க முடியும் என்றால், யோம் கிப்பூருக்கு முந்தைய நாளில் தொடங்கி எடுங்கள். முதலில் செலிஹோத்தின் கடைசி இரவு, பிறகு வண்டியில்லாத தெரு, நோன்பு முடியும் கொம்பு, அன்றிரவே சுத்தியல் சத்தம், நான்கு நாள் எத்ரோக் சந்தை, பௌர்ணமி நிலவில் முதல் சுக்கா இரவு. 2026இல் போகிறீர்கள் என்றால் அது செப்டம்பர் 20 முதல் 26 வரை. தங்கும் இடத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், சந்தைக்கோ நஹ்லாவோத்துக்கோ நடக்கும் தூரத்தில் பாருங்கள். பஸ் இல்லாத நாட்களில் அதுதான் கைகொடுக்கும்.